அத்தை பார்த்த ராஜதானி

பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையில் முகம் தெரியும் என்று உங்களில் யாராவது வீட்டுப் பிள்ளைகளிடம் அளந்துகொண்டிருந்தால், தயவுசெய்து என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். தெரியும்தான். நான் பார்த்திருக்கிறேன். என் முகமும் அத்தையின் முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. ஆனால் அந்தத் தரையைப் பற்றிப் பேச்செடுத்தாலே இப்போதும் நான் அந்த இடத்தைவிட்டு எழுந்துபோய்விடுவேன். பல்லெல்லாம் போன கிழவிக்கு இன்னும் என்ன கலக்கம் என்று கேட்பீர்கள். நம் வயதுக்காரர்களிடம் சொன்னால்தான் இது விளங்கும். சின்னவர்களிடம் சொன்னால், "அப்படியெல்லாமா நடக்கும்?" என்று நம்மையே பொய்க்காரி ஆக்கிவிடுகிறார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாகர்கோவிலில் இருந்தோம். அப்பா ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். அந்த ஆண்டுதான் அவருடைய வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. வீட்டில் அம்மா, அப்பா, நான், மூன்றே பேர். சரித்திரம் எங்கள் வீட்டில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி. எந்த ராஜா எந்தக் கோட்டையைக் கட்டினான், ராஜதானியை எப்போது திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று அப்பா சொல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடும் முடியாது.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அப்பாவைப் பெற்றவர் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தபோது அத்தையைக் கருங்கல் ஊர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள் புகுந்த வீடு வேதத்தில் சேரவில்லை. ஆகவே தம்பி வேதக்காரர், அக்கா முத்தாரம்மனைக் கும்பிடுகிறவள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே சாதி. ஆனாலும் கோவில் இருக்கிற தெருவில் அப்பா நடக்கலாம், அத்தை நடக்கக் கூடாது. வேதத்தில் சேர்ந்தவனுக்குத் தீட்டு எப்படிக் கழன்று விழுந்தது, சேராதவளுக்கு ஏன் ஒட்டிக்கொண்டு இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அன்றைய நடப்பு அது. நமக்கெல்லாம் அது வெயில் மழை போல இருந்தது.

அந்த ஆண்டு பள்ளிக்கூட விடுமுறையில், பழைய ராஜதானியையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் எங்களுக்குக் காட்ட அப்பா ஒரு அனுமதிச் சீட்டு வாங்கிவந்தார். 'ஆசிரியரும் குடும்பமும்' என்று அதில் எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்திருந்த அத்தை அந்தச் சீட்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"தம்பி, நானும் வாறேன்."

அப்பா திடுக்கிட்டுப்போனார். "எக்கா, அது கோட்டைக்குள்ளயாக்கும். கோவில் தெரு வழியா போவணும்."

"எனக்குத் தெரியாதா? தக்கலைச் சந்தைக்கு வாற வாரமெல்லாம் அந்தச் சொவரத்தான பாத்துக்கிட்டு போறேன். அப்பன் கருப்பட்டிச் சொமடும் ஓலைக்கட்டும் தலையில வச்சு அந்த வாசல் வரைக்கும் கொண்டு போவாரு. கூலி கெடையாது. எறக்கி வச்சுட்டுத் திரும்பி வந்துருவாரு. உள்ள ஒரு நாளு போனதில்ல. அவருக்க சொமடு எங்க போய்ச் சேந்துதுண்ணு ஒருக்கா பாக்கணும், தம்பி. பாத்துட்டேன்னா செத்துப்போனாலும் கொள்ளாம்."

அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். அத்தை ஒரு பொழுது சாப்பிடாமல் இருந்தாள். அப்பா சரி என்றார். அக்காமீது அவருக்கு அப்படி ஒரு பாசம். அதைச் சொல்லாமல் விட்டால் இதற்குப் பின் நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புரியாது. அம்மையில் படுத்த தம்பியை மடியில் போட்டு வேப்பிலையால் வீசி வளர்த்தவள் அவள்.

திட்டம் இதுதான். அத்தை ஒரு நாளைக்கு மட்டும் வேதக்காரியாக வேண்டும். பிடிபட்டால் அத்தைக்கு அடி விழும், அப்பாவுக்கு வேலை போகும். இதை அப்பா என்னையும் உட்கார்த்திவைத்துச் சொன்னார். கோட்டை வாசலில் சந்தேகம் வந்தால் ஒரு ஜெபம் சொல்லச் சொல்வார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஆகவே பரமண்டல ஜெபத்தை அத்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பத்து நாள் பாடம். கர்வத்தோடு ஒரு புளியங்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நான் முன்னால் உட்காருவேன். அத்தை உரலில் மாவிடித்தபடியே சொல்லுவாள். ஞாபகசக்தி என்றால் அப்படி ஒரு ஞாபகசக்தி, மூன்றே நாளில் முழுசும் வந்துவிட்டது. ஆனால் 'ஆமென்' சொன்ன கையோடு, "முத்தாரம்மா காப்பாத்து தாயே" என்றும் சேர்த்துவிடுவாள்.

"அத்தே, ஆமெனுக்குப் பொறவு ஒண்ணும் சொல்லப்பிடாது!"

"நான் எங்க பிள்ளே சொன்னேன்? வாய்தான சொல்லுது!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடுவாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாது. "இந்த மைனி நம்ம குடிய கெடுத்திருவாவ" என்று அப்பாவிடம் முணுமுணுப்பாள். பத்தாம் நாள் அத்தை 'ஆமென்' சொன்னதும் உதட்டைப் பல்லால் கடித்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

போகிற நாள் விடியற்காலையில் நான் கண்ட முதல் அதிர்ச்சி அத்தையின் காது. பாம்படம் இரண்டையும் கழற்றி முந்தியில் முடிந்திருந்தாள். தோள்வரை தொங்கிய வெறும் காதுகள் எனக்குப் பயமாக இருந்தன. நெற்றியில் திருநீறு இல்லை. அம்மாவின் வெள்ளைக் குப்பாயத்தை மாட்டியிருந்தாள். அதுதான் அப்போது நம் சபைப் பெண்கள் போடும் கைநீளச் சட்டை, உங்களுக்குத் தெரியும். சட்டை போட்டுப் பழகாத அத்தை கையைத் தூக்கவும் கூச்சப்பட்டாள். மதியச் சாப்பாட்டை அவளே சமைத்து, ஐந்து வாழையிலைப் பொதியாகக் கட்டி ஓலைப்பெட்டியில் வைத்திருந்தாள். நாங்கள் நாலு பேர், வண்டிக்காரர் ஒருவர்.

மாட்டுவண்டி வில்லுக்குறி தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. வேளிமலை கூடவே வந்தது. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைத் திரும்பி வரும்போது பார்க்கலாம் என்றார் அப்பா. வழியெல்லாம் சரித்திரம்தான். அத்தை கேட்டதுபோல் தலையாட்டினாள், உதடு மட்டும் ஜெபத்தை ஓட்டிக்கொண்டிருந்தது.

கோட்டை வாசலில் காவல்காரன் சீட்டை வாங்கிப் பார்த்தான். பார்வை அத்தையின் காதில் நின்றது.

"இது ஆரு?"

"எனக்க அக்கா" என்றார் அப்பா. அப்போது சொன்னார். அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"வேதமா? ஒரு செபம் சொல்லச் சொல்லும், கேப்போம்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். ஒரு சொல் தட்டவில்லை. எங்கள் சபையில் அப்படி நிறுத்தி நிதானமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'ஆமென்' வந்தது. அம்மா என் கையை நகம் பதியப் பிடித்தாள். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டாள். காவல்காரன் சீட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

உள்ளே போய்விட்டோம்! அத்தை என்னை இடித்து, "கொள்ளாமா வாத்தியாரம்மா, நல்லாச் சொன்னேனா?" என்று கேட்டாள். நான் குச்சி கொண்டுவராததற்கு வருத்தப்பட்டேன்.

அரண்மனையில் எல்லா இடத்தையும் பார்க்க விடவில்லை. விட்ட இடங்களே போதும் என்றிருந்தது. அந்தக் கறுப்புத் தரையில் கால் வைக்க அத்தைக்கு மனமில்லை, தண்ணீர் என்று நினைத்துச் சேலையைத் தூக்கிக்கொண்டாள். சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்தது என்றார் அப்பா.

"முட்டையவா தரையில தேச்சாவ? நாசமாப் போக! இங்க பிள்ளையளு ஒண்ணும் இல்லியா திங்கதுக்கு?"

நானும் அவளும் குனிந்து எங்கள் முகத்தைப் பார்த்தோம். அவள் தன் வெறும் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஊட்டுப்புரைக்கு வந்தோம். ஆயிரம் பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட நீளக் கூடம். பக்கத்தில் ஆள் உயரத்துக்குச் சாடிகள், சீனத்திலிருந்து கப்பலில் வந்தவை. கூட வந்த அரண்மனைச் சிப்பந்தி அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அத்தை ஒரு சாடியின் விளிம்பில் விரலால் தேய்த்து அந்த விரலை நாக்கில் வைத்தாள். எத்தனையோ காலமாகக் காலியாகக் கிடந்த சாடி, தூசிதான் இருந்திருக்கும்.

"இங்கதான் பிள்ளே" என்றாள் என்னிடம், மெதுவாக. "அப்பனுக்க கருப்பட்டி இங்கதான் வந்து சேந்திருக்கு. சும்மா போவல்ல, கண்டியா? ஆயிரம் பேரு தின்னுருக்காவ."

அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கூலியில்லாமல் சுமந்தவர் மகள் அதற்குப் போய் மகிழ்ந்தாளே என்று இப்போது நினைத்தால் நெஞ்சு எரிகிறது. அன்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெளியே வந்து வண்டி நிற்கும் இடத்துக்குத் தெரு வழியாக நடந்தோம். அப்பா முன்னால், நானும் அம்மாவும் நடுவில், அத்தை கடைசியில். சிவன் கோவிலுக்கு நேரே வந்தபோது உள்ளே மணி அடித்தது. தீபாராதனை.

என்ன நடந்தது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. பின்னால் வந்த காலடிச் சத்தம் திடீரென்று நின்றது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அத்தை கோவிலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பிறகு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

வாயைக் கட்டப் பத்து நாள் பாடம் நடத்தினோமே, கையைக் கட்ட யாருக்குமே தோன்றவில்லையே! கடவுளே, கையை நாங்கள் நினைக்கவேயில்லை.

தெருவில் நின்ற ஒரு பெரியவர், கையில் பிரம்பு வைத்திருந்தவர், கத்தினார். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். சீட்டோடு ஒரு வேதக்கார வாத்தியார் குடும்பம் வந்திருப்பது அதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது. ஆளுக்கொரு பக்கம் கூச்சலும் பெகளமும். பெரியவர் அப்பாவிடம் வந்து, மூன்று அடி தள்ளி நின்றுகொண்டு கேட்டார்.

"வாத்தியாரே, வேதக்காரி இப்படிக் கும்பிடுவாளா? இவ ஆரு? உமக்கு என்ன வேணும்?"

அப்பா அத்தையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "வழியில வண்டியில ஏத்தின ஆளு."

நான் அப்பாவின் முகத்தையே பார்த்தேன். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பொய் சொன்னதற்காக என்னை முழங்காலில் நிறுத்தியவர் அவர். பெரியவர் என் பக்கம் குனிந்தார்.

"ஏட்டி பிள்ளே, நீ சொல்லு. இவ உங்க ஆளா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானேதான் ஆட்டினேன்.

அத்தை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள். "ஆமா. வாத்தியார எனக்குத் தெரியாது. நான்தான் வேதக்காரிண்ணு பொய் சொல்லி வண்டியில ஏறினேன். அவியளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவளைத் தொட்டால் தீட்டு. ஆகவே யாரும் தொடவில்லை. கல்லை எடுத்தார்கள். முதல் கல் காலடியில் விழுந்தது. இரண்டாவது தோளில். வெள்ளைக் குப்பாயத்தில் சிவப்பாகப் பரவியதைப் பார்த்தேன். அத்தை ஓடவில்லை. வந்த வழியே, தெரு நடுவே, கோட்டை வாசலைப் பார்த்து நடந்தாள். கல்லும் கட்டியும் பின்னாலேயே போயின.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். வண்டிக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திருப்பட்டா வாத்தியாரே, வீட்டுக்கு?" என்று கேட்டார். அப்பா, "இல்ல. உதயகிரி பாக்கி உண்டு" என்றார். இன்று எனக்குக் காரணம் தெரிகிறது. அப்போதே அலறியடித்துக்கொண்டு திரும்பினால் சந்தேகம் வரும் என்று நினைத்திருக்கிறார். சுற்றிப்பார்க்க வந்தவர்களாகவே கடைசிவரை இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அன்று எனக்கு அவர் கல்லாகிவிட்டார் என்றுதான் தோன்றியது.

தக்கலைக்குப் போகும் சாலையில் அத்தை முன்னால் நடந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் தோளைப் பிடித்திருந்தாள். எங்களுக்குப் பின்னால் கோட்டைக்குள்ளிருந்து வந்த இன்னொரு வண்டி. எங்கள் மாட்டின் மணிச் சத்தம் அவளுக்குத் தெரியும். அவள் திரும்பாமல் ஓரமாக ஒதுங்கினாள்.

"நிறுத்தட்டா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"ஓட்டு" என்றார் அப்பா.

அம்மா என் முகத்தைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். நான் அத்தையைத் தாண்டிப்போனதைக் காதால் மட்டும்தான் கேட்டேன். அவள் ஏதோ முனகிக்கொண்டு நடந்தாள். ஜெபமா, முத்தாரம்மனா, இன்றுவரை தெரியாது.

உதயகிரிக் கோட்டைக்குள் மரநிழலில் உட்கார்ந்தோம். பீரங்கி வார்த்த உலை, வெளிநாட்டுத் தளபதி ஒருவரின் கல்லறை, எல்லாவற்றையும் அப்பா சொன்னார். வாய் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்தவேயில்லை. அம்மா ஓலைப்பெட்டியைத் திறந்தாள். ஐந்து பொதி. தேங்காய்த் துவையலும் மாங்காயும் வைத்து அத்தை கட்டியது.

தின்றோம். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். எனக்குப் பசித்தது, தின்றேன். ருசியாகவும் இருந்தது. வண்டிக்காரர் தன் பொதியை வாங்கவில்லை. "எனக்குப் பசியில்ல" என்று மாட்டின் பக்கம் போய் நின்றுகொண்டார். இரண்டு பொதி வீடு வரை வந்தன. அம்மா அவற்றைப் பிரிக்காமலே கொண்டுபோய்ப் புதைத்தாள்.

எனக்கு அப்பாமீது கோபம் என்று நினைப்பீர்கள். கிடையாது. என் கோபமெல்லாம் அத்தைமீது. பத்து நாள் சொல்லிக்கொடுத்தேனே, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாளே என்று அவளைத்தான் திட்டினேன். ஒன்பது வயதுச் சவத்துக்கு அவ்வளவுதான் புத்தி. அந்தக் கோபம் போக எனக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

பதினைந்து நாள் கழித்து ஓலைப்பெட்டியை வாங்கிப்போக அத்தை அனுப்பிய ஒரு கருப்பட்டி வியாபாரி வந்தார். அவர் கையில் குப்பாயம் வந்தது. துவைத்து மடித்து, கிழிந்த இடத்தைத் தைத்து அனுப்பியிருந்தாள். தோள்பட்டையில் கறை முழுசும் போகவில்லை. அம்மா அதைப் பிறகு உடுத்தவில்லை, பெட்டியின் அடியில் கிடந்தது. எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை.

அப்பாவின் வேலை நிரந்தரமானது. 'எனக்க அக்கா' என்று சொன்னதைக் கேட்ட காவல்காரன், உள்ளே விட்டவன் தானே என்பதால், வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது. அத்தை எங்களை ஒதுக்கவில்லை. பண்டிகைக்கு வந்தாள், கருப்பட்டி கொண்டுவந்தாள், அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டபோது ஒரு மாதம் இருந்து பார்த்தாள். அந்த நாளைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. ஒன்றே ஒன்றுதான் மாறியது. அதன்பிறகு அவள் அப்பாவைத் தம்பி என்று கூப்பிடவில்லை. "வாத்தியாரே, சாப்பிட்டீரா?" "வாத்தியாரே, உடம்புக்கு எப்படி உண்டு?" கேலியும் இல்லை, கோபமும் இல்லை. அவ்வளவு மரியாதை. அந்தச் சொல் விழும்போதெல்லாம் அப்பா தலையைக் குனிந்துகொள்வார். "எக்கா, தம்பிண்ணு கூப்பிடு" என்று ஒரு தடவை அவர் கேட்டதை அறைக்கு வெளியே நின்று நான் கேட்டேன். முறத்தில் அத்தை அரிசி புடைக்கும் சத்தம்தான் வந்தது.

பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கோவில் நடைகளை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டார்கள் என்று நாடெல்லாம் பேச்சு. அத்தை ஆள் சொல்லியனுப்பினாள்: "வாத்தியாரிட்ட வண்டி கொண்டு வரச் சொல்லு."

அப்போது மோட்டார் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு மாட்டுவண்டிதான் வேண்டும். அப்பாவும் நானும் போனோம். அத்தை பாம்படம் போட்டுக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அதே ஓலைப்பெட்டியை மடியில் வைத்து ஏறி உட்கார்ந்தாள். வழியில் அப்பா சரித்திரம் சொல்லவில்லை.

கோட்டை வாசலில் யாரும் எங்களை நிறுத்தவில்லை. ஜெபமும் கேட்கவில்லை. சிவன் கோவில் முன்னால் ஒரே கூட்டம். பயந்து பயந்து, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். நாங்களும் அத்தைக்குப் பின்னால் நடந்தோம். வாசலில் நின்றவன் கையை நீட்டி அப்பாவை மறித்தான்.

"நீரு?"

"வேதக்காரன்" என்றார் அப்பா.

"அப்ப உள்ள வரப்பிடாது. இந்துக்களுக்கு மட்டும்தான் உத்தரவு." பிறகு அத்தையிடம் திரும்பினான். "பாட்டி, இவரு ஆரு? உமக்கு என்ன வேணும்?"

அதே தெரு, அதே கேள்வி, ஒரு சொல் மாறவில்லை. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் எதிர்பார்த்த பதிலைத்தான் நானும் எதிர்பார்த்தேன். அவள் அதைச் சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அத்தை யோசிக்கவில்லை.

"எனக்க தம்பி" என்றாள், நாலு பேர் கேட்கும்படி. "எனக்க கூடப்பிறந்த தம்பி. நான் தூக்கி வளத்த பிள்ளை."

அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை அவர் கையை விலக்கி, ஓலைப்பெட்டியை அதில் வைத்தாள்.

"இதப் பிடிச்சுக்கிடும், வாத்தியாரே. செத்த நேரத்துல வந்திருவேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியேறி உள்ளே போனாள். வெயில் சுட்டது. நிழலுக்கு வாருங்கள் என்று அப்பாவை இரண்டு தடவை கூப்பிட்டேன், வரவில்லை. அவள் வெளியே வரும்வரை அந்தத் தெருவிலேயே நின்றார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.